சுருளும் செவியும்: 'உஸுமாகி' பற்றிய வாசகர் தீர்ப்புகள்

கேள்வி

ஜுன்ஜி இட்டோ வரைந்த 'உஸுமாகி' மங்காவைக் கொண்டாடுகிறவர்களும் குறை சொல்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே பக்கங்களைத்தான் புரட்டிக் காட்டுகிறார்கள். கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சுருள் என்னும் வடிவம் பீடிக்கிறது. ஏன் என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. மனிதர்கள் முறுக்கிக்கொண்டு சாகிறார்கள். அதைக் கண்ணால் பார்த்த கிரியே என்ற பள்ளி மாணவி, அடுத்த அத்தியாயத்தில் சீருடை அணிந்து வகுப்புக்குப் போகிறாள். பயத்தில் உறைய வேண்டிய சில இடங்களில் சிரிப்பு வந்துவிடுகிறது. காரணம் இல்லை, பாத்திரங்களுக்கு உள்ளம் இல்லை, அபத்தமாக இருக்கிறது என்று இந்த மூன்றையும் சொல்லி நூலை மூடி வைப்பவர்கள் உண்டு. இதே மூன்றையும் ஒப்புக்கொண்டு, 'ஆனாலும் மனதை விட்டுப் போக மறுக்கிறது' என்று முடிப்பவர்களும் உண்டு.

இந்த இரண்டாவது தீர்ப்பு விளக்கப்பட வேண்டியது. குறைகள் உண்மையென்றால் மறந்துபோக வேண்டிய நூல் ஏன் தங்கிவிடுகிறது? 'திகில் கதைக்குத் தர்க்கம் தேவையில்லை', 'இட்டோவின் பாணியே அப்படித்தான்' என்று ரசிகர்கள் தரும் பதில்கள் கேள்வியைத் தட்டிக் கழிக்கின்றன. தர்க்கம் இல்லாத திகில் கதைகள் ஆயிரம் உண்டு. அவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வாசகர் கண்டுகொண்டது சரி, அதற்கு இட்ட பெயரில்தான் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். நாம் மனிதரின் கதையை எதிர்பார்த்து நூலைத் திறக்கிறோம். இங்கே கதையின் நாயகன் ஒரு வடிவம். வாசகர் சொல்லும் மூன்று குறைகளும் அந்த ஒரே ஏமாற்றத்தின் மூன்று பெயர்கள். அந்த ஏமாற்றத்தை நூல் எங்கே பயன்படுத்திக்கொள்கிறது, எங்கே வீணடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதை நியாயமாக எடைபோட முடியும்.

இதழும் வாசகரும்

இட்டோ 1963இல் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். செயற்கைப் பற்கள் செய்யும் பல் தொழில்நுட்பப் பணியில் இருந்துகொண்டே வரையத் தொடங்கினார். திகில் மங்காவின் முன்னோடி கசுவோ உமேசுவின் பெயரால் நடந்த போட்டிக்கு அவர் அனுப்பிய 'தோமியே' சிறப்புக் குறிப்பு பெற்று, 1987இல் 'ஹாலோவீன்' என்ற மாத இதழில் வெளிவந்தது. அது பெண்களுக்கான திகில் இதழ். 'உஸுமாகி' வந்த இடம் முற்றிலும் வேறு. ஷோகாகுகான் நிறுவனத்தின் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' வயதுவந்த ஆண்களை முதன்மையாகக் கருதி நடத்தப்பட்ட வார இதழ். காதலும் விளையாட்டும் அலுவலக வாழ்க்கையும் நிரம்பியது. திகிலைத் தேடி வராத வாசகர் முன்னால் 1998, 1999 ஆண்டுகளில் இந்தத் தொடர் இடம்பெற்றது. ஏறத்தாழ இருபது அத்தியாயங்கள்தான் என்பதால் வாரந்தவறாமல் வந்தது அல்ல. ஒரு சுருளைப் பார்த்த வாசகருக்கு அடுத்த சுருள் வருவதற்குள் அதை மறக்கவும் நேரம் இருந்தது.

இந்தச் சிறு செய்தியைப் பொருட்படுத்தாமல் வாசகர் கருத்தை எடைபோட முடியாது. இன்று உலகெங்கும் கிடைப்பது அறுநூறு பக்கங்களைத் தாண்டிய ஒரே தடித்த தொகுப்பு. முதலில் மூன்று தனி நூல்களாகவும், அதற்கும் முன் இடைவெளி விட்டு விட்டு இதழிலும் வந்த கதையை இரண்டு இரவுகளில் படித்து முடிப்பவருக்கு, ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவர் பீடிக்கப்படுவது, உருத்திரிவது, அழிவது என்று ஒரே தடத்தில் போவது சலிப்பூட்டும். 'திரும்பத் திரும்ப வருகிறது' என்ற குறை நூலின் உடலைப் பற்றியது என்பதைவிட வாசிப்பின் வேகத்தைப் பற்றியது. ஆனால் இதைச் சொல்லி முழுக்கத் தப்பிக்கவும் வழியில்லை. தொகுப்பாக வந்த பிறகும் அது நூலாகவே நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் 2001இலிருந்து நூல்களாக வந்து, 2003இல் ஐஸ்னர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 2009இல் இளையோருக்கான சிறந்த பத்து வரைகதைகளின் பட்டியலில் அமெரிக்க நூலகர்களால் சேர்க்கப்பட்டபோது, வார இதழ் வாசகரை அறியாத ஒரு வாசகர் திரள் இதற்கு உருவாகிவிட்டது. இன்று நாம் கேட்கும் தீர்ப்புகளில் பெரும்பங்கு அவர்களுடையது.

சுருளுக்குப் பொருள் தேடுவோர்

காரணம் சொல்லப்படாத கதைக்குக் காரணம் கண்டுபிடித்துத் தருவது விமர்சகர்களின் இயல்பான வேலை. அவற்றுள் புகழ்பெற்றது, எழுத்தாளரும் முன்னாள் தூதரக அதிகாரியுமான மசாரு சாத்தோ தொகுப்புப் பதிப்பின் பின்னுரையில் எழுதியது. அவர் 'உஸுமாகி'யை மார்க்ஸின் 'மூலதன'த்தோடு ஒப்பிட்டார். மனிதர் படைத்த ஒன்று மனிதரையே ஆட்டிவைக்கும் ஆற்றலாகிவிடுவதுதான் ஒப்புமையின் அடி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கதையின் தொடக்கத்தில், கிரியேவின் காதலன் ஷூயிச்சியின் தந்தை சுருள் வடிவப் பொருள்களைச் சேர்த்துக் குவிக்கிறார். வேலைக்குப் போவதை விட்டுவிட்டுச் சேகரிப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மனைவி அத்தனையையும் தூக்கி எறிந்ததும், இனிப் பொருள்கள் எதற்கு என்று தன் உடலையே சுருளாக்க முனைகிறார். கதையின் இறுதிப் பகுதியில் ஊர் மக்கள், எதற்கு என்று தெரியாமலே, பழைய வரிசை வீடுகளை நீட்டி நீட்டிக் கட்டுகிறார்கள். யாரும் திட்டம் போடாத மாளிகை ஒன்று அவர்கள் கையாலேயே சுருளாக எழுகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் சாத்தோவின் வாசிப்பு வெளிச்சம் தருகிறது.

மற்றொரு சாரார் அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் வழியில் படிக்கிறார்கள். இட்டோ தம்மைப் பாதித்தவர்களுள் ஒருவராக அவரைக் குறிப்பிட்டிருக்கிறார். ஊரின் நடுவிலுள்ள தும்பிக் குளத்தின் அடியில் மனிதருக்கு முற்பட்ட ஏதோ ஒன்று காத்திருப்பதும் அந்த மரபைச் சேர்ந்ததுதான். எனினும் இருவருக்கும் இடையில் அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. விவரிக்கவே முடியாத உரு என்று லவ்கிராஃப்ட் எழுதிவிட்டு நகரலாம். மிச்சத்தை வாசகரின் கற்பனை பார்த்துக்கொள்ளும். ஓவியருக்கு அந்தச் சலுகை கிடையாது. பக்கத்தைத் திருப்பினால் அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். இட்டோ அதைக் கோடு கோடாக, நிழல் நிழலாக முழுவதும் காட்டிவிடுகிறார். மறைத்தலில் பிறக்கும் அச்சத்தை அளக்கும் கோலால் இதை அளப்பது பொருந்தாது.

இந்த வாசிப்புகள் எல்லாவற்றிலும் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். சுருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்துவிட்டு, அந்த இன்னொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றன. மூலதனம், பிரபஞ்ச வெறுமை, சிற்றூரின் தேய்வு எதுவானாலும், சுருளுக்குப் பதில் முக்கோணம் வரையப்பட்டிருந்தாலும் அதே விளக்கம் பொருந்தியிருக்கும். முக்கோணத்தால் இந்தக் கதையை நடத்தியிருக்க முடியாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தந்தையின் சேகரிப்புக்கு மூலதனம் பதில் சொல்லலாம். தாயின் காதுக்கு அது என்ன பதில் சொல்லும்?

நத்தையிலிருந்து செவிக்கு

முதல் அத்தியாயத்தில், சந்து ஒன்றில் சுவரோரமாகக் குந்தியிருக்கும் ஷூயிச்சியின் தந்தையைக் கிரியே பார்க்கிறாள். வணக்கம் சொல்கிறாள், அவர் காதில் விழவில்லை. அவர் கண் சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையின் மேல். அவ்வளவுதான் அந்தக் காட்சி. அதில் திகிலென்று எதுவும் இல்லை; வேலை வெட்டி இல்லாத ஒரு நடுவயதுக்காரரின் விசித்திரப் பழக்கம் என்று வாசகர் கடந்துவிடுவார். அந்த மனிதர் வட்டமான மரத்தொட்டிக்குள் தன் எலும்புகளை நொறுக்கிச் சுருண்டு கிடப்பதைப் பிறகு காண்கிறோம். அடுத்த அத்தியாயம் அவருடைய மனைவியைப் பற்றியது. கணவரின் சாவுக்குப் பிறகு சுருள் என்றாலே அவருக்கு நடுக்கம். விரல்நுனிகளில் ரேகைச் சுருள் இருப்பதைக் கண்டு அந்தத் தோலையே கத்தரித்து எறிகிறார். மருத்துவமனையில் மகன் அவர் கண்ணில் சுருள் எதுவும் பட்டுவிடாமல் காவல் இருக்கிறான். அப்போதுதான் செவியின் உடற்கூற்றுப் படம் ஒன்று அவன் கண்ணில் படுகிறது. உட்செவிக்குள் ஒரு சுருள் இருக்கிறது. அதை மட்டும் அம்மா அறிந்துவிடக் கூடாது.

நத்தைக்கும் உட்செவிச் சுருளுக்கும் ஜப்பானியர் எழுதும் எழுத்துகள் ஒன்றே, ஒலிப்புதான் மாறும். தமிழ் அறிவியல் நூல்களிலும் அந்த உறுப்புக்கு 'நத்தை எலும்பு' என்ற பெயர் வழங்குகிறது. ஆகவே முதல் அத்தியாயத்தில் சுவரில் இருந்த நத்தை, இரண்டாம் அத்தியாயத்தில் தலைக்குள் இருக்கிறது. சில அத்தியாயங்கள் கழித்து, மழை நாளில் மட்டும் பள்ளிக்கு வரும் மந்தமான மாணவன் ஒருவனின் முதுகில் சுருள் தோன்றி அவன் நத்தையாகிறான். அவனைத் துன்புறுத்திய மாணவனும் நத்தையாகிறான். கதை முற்றும் கட்டத்தில், பட்டினி கிடக்கும் ஊரார் நத்தையாகிப்போன தம் அண்டை வீட்டாரைப் பிடித்துத் தின்கிறார்கள். சுவர், செவி, வகுப்பறை, வயிறு என்று நத்தை நகர்ந்து வந்திருக்கிறது. இந்தத் தொடர்ச்சிக்குப் பின்னால் காரணகாரியம் கிடையாது. யாரும் சபிக்கவில்லை, பழிவாங்கவில்லை. ஒரு வடிவம் தன்னைப் போன்ற வடிவத்தை அடையாளம் கண்டுகொண்டு முன்னேறுகிறது. கதையின் இணைப்புக் கயிறு உருவ ஒற்றுமை.

காரணம் சொல்லப்படவில்லை என்ற முதல் குறைக்கு இதுவே பதில். காரணத்தின் இடத்தில் வேறொரு ஒழுங்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது காரணத்தைவிடக் கடுமையானது. காரணம் தெரிந்தால் பரிகாரம் தேடலாம். விரல்ரேகையை என்ன செய்வது? அந்தத் தாயின் நிலை வாசகர் நெஞ்சில் தைப்பதற்கு அவருடைய குணநலன் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு இருக்கும் செவி நமக்கும் இருக்கிறது, அதுபோதும். இந்நூலைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் முதலில் சொல்லும் காட்சிகளுள் இது ஒன்றாக இருப்பதும் அதனால்தான். தமிழில் 'சுழி' என்ற சொல் நீரின் சுழலையும் உச்சந்தலை மயிர்ச்சுழியையும் ஒருவரின் தலைவிதியையும் சேர்த்தே குறிக்கிறது. இந்நூலைத் தமிழில் பெயர்க்கப் போகிறவர் 'சுருள்' என்பதா 'சுழி' என்பதா என்று தடுமாறத்தான் வேண்டியிருக்கும். அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே கதை இருக்கிறது.

சிரிப்பு

அபத்தம் என்ற குறைக்கு வருவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. 'உஸுமாகி'யை இதில் பொருத்திப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. பேயோ தெய்வமோ தலைமை ஏற்று வருவதில்லை. கொடுவிலங்கு இல்லை. கொள்ளையரும் கொடுங்கோல் அரசனும் இல்லை. மருட்கைக்குச் சொல்லப்பட்ட நான்கும், அதாவது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவை, பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றாகத் திரிவதை உரைமரபு ஆக்கத்தில் அடக்கும். கூந்தல் பாம்பாகச் சுருண்டு எழுவதும் மாணவன் நத்தையாவதும் இந்த வகைதான். 'பயமாக இல்லை, விசித்திரமாக இருக்கிறது' என்று சொல்லும் வாசகர் நூலைக் குறைத்து மதிப்பிடவில்லை. மெய்ப்பாட்டைச் சரியாகப் பெயரிட்டிருக்கிறார். திகில் என்ற வகைப்பெயரை நம்பி வந்ததுதான் அவருடைய மனக்குறை. அச்சமும் இளிவரலும் இந்நூலில் உண்டு. ஆனால் அவை மருட்கையின் பின்னால் வருகின்றன.

மருட்கைக்கும் நகைக்கும் இடையே சுவர் மெல்லியது. அமெரிக்க மெய்யியலாளர் நோயல் கரோல் 1990இல் திகிலின் மெய்யியல் பற்றி நூல் எழுதியவர். பின்னர் 1999இல் திகிலும் நகைச்சுவையும் ஏன் அடுத்தடுத்து வாழ்கின்றன என்று தனிக் கட்டுரை எழுதினார். கோரவுருவும் கோமாளியும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், நாம் பிரித்து வைத்திருக்கும் வகைகளைக் குழப்புகிறார்கள். தீங்கு செய்யும் ஆற்றலை எடுத்துவிட்டால் கோரம் கோமாளியாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். மங்கா மரபே இதற்குச் சான்று. 'மிதந்து சென்ற வகுப்பறை' என்று பொருள்படும் கொடுமையான கதையை 1970களின் தொடக்கத்தில் வரைந்த உமேசு, அதே பத்தாண்டுகளுக்குள் 'மகோதோ சான்' என்ற அடாவடி நகைச்சுவைத் தொடரையும் வரைந்தார், கை ஒன்றுதான். சுருளுக்கும் இந்த இரட்டைப் பிறவி உண்டு. மயக்கமுற்ற பாத்திரத்தின் கண்ணிலும் அசட்டுப் பாத்திரத்தின் கன்னத்திலும் மங்கா ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்த வேடிக்கைக் குறி சுருள். அந்த வேடிக்கைக் குறியை அச்சக் குறியாக்க முடியுமா என்று பார்த்ததாக இட்டோவே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் சிரிப்பு இந்நூலுக்குள் தவறி நுழைந்தது அல்ல. சிரிப்புக்குரிய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்தி ஆசிரியரைக் காப்பாற்றிவிட முடியாது. சூறாவளி ஒன்று கிரியேவின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டு அவளைத் தேடி அலையும் அத்தியாயத்தைப் பாருங்கள். காற்று காதல் கொண்டுவிட்டது என்று ஷூயிச்சி சொல்லும்போது சிரிக்காமல் இருப்பது கடினம். ஆயினும் அந்தச் சிரிப்பு நீடிப்பதில்லை. சூறாவளி வானத்திலிருந்து பார்த்தால் சுருள் என்பது நமக்கு முன்பே தெரியும். அதன் கண் கீழே பார்க்கிறது என்ற எண்ணம் வந்ததும் அடிவயிறு கனக்கிறது. இதற்கு எதிர்நிலையில் நிற்பது, திடீரென்று எதிரே குதித்துப் பயமுறுத்தும் பழக்கமுள்ள மாணவனின் கதை. கிரியேவிடம் தன் காதலை நிரூபிக்கக் கார் முன்னால் நின்று இறக்கிறான். கல்லறையிலிருந்து கம்பிச்சுருள் பொருத்திய பொம்மைபோல் துள்ளி வருகிறான். அந்தச் சுருள் காரின் உதிரிப்பாகம். அவன் உடலில் அது இருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. இங்கே சிரிக்கும் வாசகர் சரியாகவே சிரிக்கிறார். நூலின் பலவீனமான அத்தியாயங்களுள் அது ஒன்று.

கிரியே ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை

வாசகர்களை மிகவும் எரிச்சலூட்டும் கேள்வி இதுவே. முதல் அத்தியாயத்திலேயே ஷூயிச்சி, 'இந்த ஊரே சரியில்லை, இருவரும் போய்விடலாம்' என்று கெஞ்சுகிறான். அவனுக்கு மட்டும் ஏன் அது தெரிகிறது என்பதற்கு நூலில் அமைதியான ஒரு விடை இருக்கிறது. அவன் பக்கத்து நகரத்துப் பள்ளியில் படிக்கிறான். நாள்தோறும் ரயிலில் வெளியே போய்த் திரும்புகிறவனுக்குத்தான் ஊரின் கோணல் புலப்படுகிறது. உள்ளேயே இருப்பவர்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. பிணம் எரிக்கும் புகை சுருண்டு சுருண்டு எழுந்து தும்பிக் குளத்தில் இறங்குகிறது. ஊரார் அண்ணாந்து பார்க்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். ஊரே அழிந்துகொண்டிருக்கும்போதும் பள்ளி மணி அடிப்பதை மனிதர் நிறுத்துவதில்லை என்பது கற்பனை மிகுந்த கூற்றா? ஆபத்தான இடத்தில் வாழும் மக்கள் ஏன் இடம்பெயர்வதில்லை என்று வெளியிலிருந்து கேட்பவரின் குரல்தான் இந்த வாசகருடையது. அறிந்த ஷூயிச்சியும் போகவில்லை. முதலில் பெற்றோருக்காக, பிறகு கிரியேவுக்காக இருந்துவிடுகிறான். கடைசியில் போக நினைத்தபோது பாதைகளே வளைந்து அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு குறை மறைந்திருக்கிறது. அதை நான் ஏற்கிறேன். கிரியேவுக்குத் துக்கம் போதாது. நெற்றித் தழும்பு சுருளாகி, அந்தச் சுருளுக்குள்ளேயே இழுக்கப்பட்டு மறைந்த வகுப்புத் தோழி அசாமியை அதன்பின் யாரும் நினைப்பதில்லை. தொடரின் அத்தியாயங்கள் தனித்தனியாக நிற்க வேண்டும் என்ற இதழ்க் கட்டாயம் இதற்கு ஒரு காரணம். வரைகதைக் கோட்பாட்டாளர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் சொன்ன விளக்கமும் உதவும்: எளிமையாக வரையப்பட்ட முகத்துக்குள் வாசகர் தன்னை வைத்துக்கொள்கிறார். கிரியேவின் முகம் சில கோடுகளால் ஆனது. அவளைச் சூழ்ந்திருப்பதோ நுணுக்கமான நூற்றுக்கணக்கான கோடுகளால் ஆனது. அவள் பார்க்கும் கண்ணாக இருக்கிறாள், அந்தக் கண்ணை நாம் இரவல் வாங்கிக்கொள்கிறோம். இவ்வளவும் சரி. இருந்தும், பார்த்ததையெல்லாம் சுமக்காத கண் பார்வையின் எடையைக் குறைத்துவிடுகிறது. மூன்றாவது பகுதியில் பசியும் இடிபாடும் சூழ்ந்த பிறகு, தம்பி மிட்சுவோ நத்தையாவதைக் காணும்போதுதான் அவளிடம் இழப்பின் சாயல் படிகிறது. அதை முன்னதாகவே தொடங்கியிருக்கலாம்.

கோடு மெலிந்தபோது

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க அரிய வாய்ப்பு ஒன்று அமைந்தது. 2019இல் அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிப்போன 'உஸுமாகி' அசைபடத் தொடர், 2024 செப்டம்பர் 28 முதல் அடல்ட் ஸ்விம் அலைவரிசையில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பானது. ஹிரோஷி நகஹாமா இயக்கத்தில் வந்த முதல் பகுதி இட்டோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளை அப்படியே அசைய வைத்தது. பார்த்தவர்கள் ஒருமுகமாக வியந்தார்கள். இரண்டாம் பகுதியில் தரம் வீழ்ந்தது வெளிப்படையாகத் தெரிந்தது. ஓடும் உருவங்கள் தட்டையாகின, நிழற்கோடுகள் குறைந்தன. பாராட்டு ஒரு வாரத்துக்குள் ஏளனமாக மாறியது. கதை மாறவில்லை. நிகழ்ச்சிகளும் பெரும்பாலான காட்சி அமைப்புகளும் நூலில் இருந்தவைதான். மாறியது கோட்டின் அடர்த்தியும் அசைவின் நேர்த்தியும் மட்டும். அதே கதை மருட்கையிலிருந்து நகைக்கு நழுவ அது போதுமானதாக இருந்தது.

திகில் சம்பவத்தில் இருக்கிறது என்று எண்ணுபவர் இந்த நிகழ்வை விளக்க முடியாமல் தவிப்பார். நூலில் திகிலைத் தாங்குவது கோடு. செவிச் சுருளோ முறுக்கிய உடலோ தோன்றும் பெரிய சட்டகத்தில், நெருக்கமாக இழுக்கப்பட்ட நிழற்கோடுகள் எல்லாம் சுருளின் போக்கிலேயே வளைகின்றன. கண் அந்தப் பக்கத்தில் நேர்க்கோட்டில் நகர முடியாது. பார்வை சுழன்று நடுவில் போய் நிற்கிறது. ஷூயிச்சியின் தந்தைக்கு நேர்ந்ததன் சிறிய அளவு வாசகரின் கண்ணுக்கும் நேர்கிறது. அதற்கு முந்தைய பக்கத்தின் கடைசிச் சட்டகத்தில் கிரியேவின் விரிந்த கண்கள் மட்டும் இருக்கும்; அவள் எதைப் பார்த்தாள் என்பதை அறிய, பக்கத்தை நாமே கையால் திருப்ப வேண்டும். அசைபடத்தில் இந்தத் திருப்பும் வேலை நம் கையை விட்டுப் போகிறது. ஹிகுச்சின்ஸ்கி 2000இல் எடுத்த திரைப்படம் பச்சை படர்ந்த நிறத்தாலும் சட்டகத்தின் ஓரங்களில் ஒளித்துவைத்த சுருள்களாலும் இதை வேறு விதமாக ஈடுசெய்யப் பார்த்தது. ஓரளவு வென்றது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு மறுப்பும் ஓர் அளவுகோலும்

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காரணம் இல்லாதது திட்டம், சிரிப்பு திட்டம், பாத்திரம் மெலிந்திருப்பதும் பெரும்பாலும் திட்டம் என்று சொல்லிக்கொண்டே போனால் எந்தப் படைப்பின் எந்தக் குறையையும் காப்பாற்றிவிடலாமே? இந்த ஐயம் நியாயமானது. குறையையும் உத்தியையும் பிரிக்கும் அளவுகோல் நூலுக்குள்ளிருந்தே கிடைக்க வேண்டும். மேலே பார்த்த வெற்றிகளையும் தோல்விகளையும் அருகருகே வைத்தால் அப்படி ஒன்று தெரிகிறது: சுருள் அந்தப் பொருளில் ஏற்கெனவே இருந்ததா, ஓவியர் கொண்டுவந்து வைத்தாரா? விரல்ரேகை, செவி, கூந்தல், குயவரின் சக்கரம், புகை, சூறாவளி, நத்தை ஆகியவற்றில் சுருள் முன்பே இருக்கிறது. இட்டோ அதைச் சுட்டிக் காட்டுகிறார். அங்கெல்லாம் அத்தியாயம் நிற்கிறது. கார்க் கம்பி அப்படி இல்லை. அங்கே அத்தியாயம் சரிகிறது. கிரியேவின் தந்தை குயவர் என்பதும், அவர் மண் எடுப்பது தும்பிக் குளத்திலிருந்து என்பதும் இந்த அளவுகோலில் உயர்ந்து நிற்கும் செய்திகள். சக்கரம் சுழல்வதைப் பார்த்த யாரும் களிமண்ணில் எழும் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பார்கள்.

இந்த அளவுகோலுக்கே சிக்கல் தருவது 'விண்மீன் மண்டலம்' என்ற அத்தியாயம். இதழில் வந்தும் முதல் மூன்று நூல்களில் சேர்க்கப்படாமல், பிந்தைய பதிப்புகளில் கடைசியில் இணைப்பாக வைக்கப்பட்டது அது. ஊரின் மேல் வானத்தில் சுருள் விண்மீன் மண்டலம் தோன்றுகிறது. அது கதைக்குள் சேர வேண்டியதா என்பதில் வாசகர்கள் இன்றும் உடன்படுவதில்லை. விண்மீன் மண்டலம் இயற்கையிலேயே சுருள்; என் அளவுகோலின்படி இந்த அத்தியாயம் வென்றிருக்க வேண்டும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தின் செவிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது அது குளிர்ந்து கிடக்கிறது. அளவுகோலைத்தான் திருத்த வேண்டும்: சுருள் பொருளில் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பொருள் வாசகரின் உடலையோ அன்றாடக் கையையோ தொட்டிருக்க வேண்டும். வானத்துச் சுருளைத் தொலைநோக்கியில்தான் பார்க்க முடியும். அதை அஞ்சுகிறவர் கண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஷூயிச்சியின் தாயால் அப்படிக் கண்ணை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அத்தியாயத்தை முதல் பதிப்பில் வெளியே நிறுத்தியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.